ஆய்வகத்துக்குள் யாரைக் கேமராவோடு அனுப்புவது?

டிசம்பர் பிறந்ததும் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதை ஒட்டிக் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும். "எங்கள் ஆராய்ச்சியாளர்கள் வேலை செய்வதைப் படமெடுத்து நடைவழியில் கண்காட்சி வைக்கப் போகிறோம். வெளியிலிருந்து நல்ல போட்டோகிராபர் ஒருவரைக் கூப்பிடலாமா, பிஎச்டி மாணவர்களையே எடுக்கச் சொல்லலாமா?" என்று போன வாரம் ஓர் உயிரியல் துறைத் தலைவர் கேட்டார். அதற்கு முந்தைய வாரம் ஒரு வேளாண் ஆய்வு நிலையத்திலிருந்தும் இதே கேள்வி.

இருப்பது இரண்டு வழிதான் என்று நினைத்துக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து நான்கு இருக்கின்றன. மூன்றில் கேமராவோடு நின்றிருக்கிறேன். நான்காவதில் கூட்டத்தைக் கட்டி மேய்த்திருக்கிறேன். நான்கிலும் சொதப்பியும் இருக்கிறேன்.

நான்கிலும் சேராத, ஆனால் அதிகம் நடக்கிற வழி ஒன்றும் உண்டு. ஆண்டு விழாவுக்கு வரும் ஸ்டூடியோக்காரரை அப்படியே லேபுக்கும் அனுப்பிவிடுவது. குத்துவிளக்கையும் பொன்னாடையையும் அவரைப் போல் எடுக்க என்னால் முடியாது. ஆனால் லேபுக்குள் வந்து "இந்தப் பக்கம் பாருங்க சார்" என்று அவர் சொன்ன நொடியில் வேலை நின்றுவிடும். நமக்கு வேண்டியது அந்த வேலைதான்.

## முதலில், எதை வைத்து அளப்பது

கேமராவின் விலையை வைத்து வேண்டாம். நான் ஆறு விஷயங்களைப் பார்ப்பேன்.

வேலையா, நடிப்பா? 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் எடுத்த நிக்கோலா டெஸ்லாவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தலைக்கு மேல் மின்னல் சீறுகிறது, அவர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரே தகட்டில் இரண்டு முறை எடுத்த படம் அது. மின்பொறிகள் தனியாக, டெஸ்லா தனியாக. இன்றைக்கும் அவர் மின்னலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார் என்று நம்புகிறவர்கள் உண்டு. டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்த வாட்சனும் கிரிக்கும் 1953-இல் டிஎன்ஏ மாதிரியின் முன் நிற்கும் படமும் ஒரு பத்திரிகைக்காக நிற்கவைத்து எடுத்ததுதான். கிரிக் ஸ்லைடு ரூலை (கணக்குப் போடும் அளவுகோல்) நீட்டி எதையோ காட்டுகிறார். அதற்குள் கண்டுபிடிப்பு அச்சிலேயே வந்துவிட்டது. அந்த மாதிரிக்கு ஆதாரம் தந்த எக்ஸ் கதிர்ப் படத்தை 1952-இல் எடுத்தவர்கள் ரோசலிண்ட் பிராங்கிளினும் அவரது மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும். அவர்கள் இந்தப் படத்தில் இல்லை. உலகம் நினைவில் வைத்திருப்பது கேமரா முன் நின்றவர்களைத்தான்.

படத்தில் ஆள் இருக்கிறாரா? டேவிட் வேட் சேம்பர்ஸ் என்பவர் பள்ளிக் குழந்தைகளிடம் விஞ்ஞானி ஒருவரை வரையச் சொல்லி, முடிவை 1983-இல் வெளியிட்டார். 4,807 படங்களில் பெண் விஞ்ஞானி இருந்தவை 28. அந்த 28-ஐயும் வரைந்தது சிறுமிகள். மீதியில் திரும்பத் திரும்ப வந்தவை வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடி. பின்னாளில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்றாலும், நம் கண்காட்சிக்கு வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் மனதில் இருப்பது பெரும்பாலும் அந்தத் தாடிக்காரர்தான். கருவியை மட்டும் எடுத்துத் தொங்கவிட்டால் அவர் அப்படியே இருப்பார்.

கேப்ஷனை யார் எழுதுவது? கேட்டால் எல்லாரும் "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. பட்டுப் புடவையும் தலையில் பூவுமாகச் சில பெண்கள் சிரித்துக் கொண்டாடும் படம் உலகமெங்கும் பரவியது. 'ராக்கெட் விஞ்ஞானி என்றால் இப்படியும் இருப்பார்' என்று எல்லாரும் எழுதினார்கள். படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று இஸ்ரோ பிறகு விளக்கியது. அந்தத் திட்டத்தில் பெண் விஞ்ஞானிகள் பலர் வேலை செய்ததும் உண்மைதான். அந்தப் படத்தில் இருந்தது மட்டும் அவர்கள் இல்லை. படத்தில் பொய் எதுவும் கிடையாது. பெயரும் பதவியும் சேர்ந்து போகாததால் வந்த வினை.

இன்னொன்று 1981-இன் ஆப்பிள் செயற்கைக்கோள், மாட்டு வண்டியில். 'வண்டி வாங்கக் காசில்லாமல் சாதித்தார்கள்' என்று இன்றும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. ஆன்டெனா சோதனையின்போது சுற்றிலும் உலோகம் இருந்தால் அலைகள் பட்டுத் தெறித்து அளவீடு கெடும். அதனால்தான் மரவண்டி. ஒரு பொறியியல் முடிவு, கேப்ஷன் இல்லாததால் ஏழ்மைக் கதையாகிவிட்டது.

எதைக் காட்டக் கூடாது? வெள்ளைப் பலகையில் வெளிவராத முடிவு இருக்கும். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் வடிவமைப்பு வெளியே தெரிந்தால் அதன் புதுமையே கேள்விக்குள்ளாகும். மாதிரிக் குப்பியில் நோயாளியின் பெயர் ஒட்டியிருக்கும். எலி வளர்க்கும் அறைக்குள் அனுமதியில்லாமல் கேமரா போகவே கூடாது.

படம் யாருடையது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நீங்கள்தான். காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்த மாணவர் விஷயத்தில் இது பொருந்தாது. அவர் ஊழியரும் அல்ல. ஆக, இலவசமாகக் கிடைத்த படத்துக்குத்தான் எழுத்தில் ஒப்பந்தம் அவசியம்.

ஆராய்ச்சியாளரின் நேரம். போட்டோகிராபருக்குக் கொடுக்கும் தொகை மட்டும்தான் பட்ஜெட்டில் வரும். நாலு பேர் ஆளுக்கு மூன்று மணி நேரம் நின்றால் பன்னிரண்டு மணி நேரம். அது எந்தத் தலைப்பிலும் வராது.

## வழி 1: வெளியிலிருந்து தொழில்முறை போட்டோகிராபர், ஒரு நாள்

வெளியாளின் பலமே அவருக்கு எதுவும் பழகிப் போகவில்லை என்பதுதான். 1966-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் தும்பா ராக்கெட் நிலையத்துக்கு வந்தார். ராக்கெட்டின் மூக்குக் கூம்பை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் புகழ்பெற்ற படம் அவருடையது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு சைக்கிள் அன்றாட வண்டி. அதைப் படமெடுக்க வேண்டும் என்று அவர்களில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

சரி, நமக்கு வருகிறவர் கார்த்தியே-பிரெசோன் இல்லை. ஒரு நாளில் ஐந்து லேப் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வருவார். கையில் விளக்கின் மேல் ஒட்டும் நீலம், ஊதா நிறக் கண்ணாடித் தாள்கள் இருக்கும். சாதாரண லேபை விண்கலம் மாதிரி ஆக்கிவிடுவார். நான் உடன் போன ஓர் இடத்தில், "பிளாஸ்கில் ஏதாவது கலரா இருந்தா நல்லா இருக்குமே" என்றார் போட்டோகிராபர். மாணவி கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றினார். படம் ஆறடி பேனரானது. திறந்த நாளன்று ஒரு சின்னப் பெண் அதைக் காட்டி, "அக்கா, அது என்ன கெமிக்கல்?" என்று கேட்டது. படத்தில் இருந்த அதே மாணவிதான் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. தடுத்திருக்க வேண்டியவன் நான்.

சிப் தயாரிக்கும் கிளீன் ரூமின் (தூசி புகாத அறை) மஞ்சள் வெளிச்சம் இன்னொரு பொறி. அங்கே பூசும் ஃபோட்டோரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சு நீல, புற ஊதா ஒளியில் பதிந்துவிடும் என்பதால்தான் மஞ்சள் விளக்கு. போட்டோகிராபர் ஊருக்குப் போய் கம்ப்யூட்டரில் அந்த மஞ்சளை 'சரி செய்து' வெள்ளையாக்கி அனுப்புவார். விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்; தெரியாதவருக்கு அந்த அறையின் சுவாரசியமே போச்சு. அங்கே பிளாஷும் போடக் கூடாது, அதே காரணம்தான். என்எம்ஆர் (காந்தப்புலத்தை வைத்து மூலக்கூறுகளை ஆராயும் கருவி) அறையில் அந்தப் பெரிய காந்தம் ராத்திரி பகல் எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும். இரும்புள்ள டிரைபாடோடு உள்ளே போனால் டிரைபாடும் போகும், கருவியும் போகலாம். லேசர் அறையில் கற்றை நேராக லென்ஸுக்குள் போனால் கேமரா சென்சார் காலி. முகம் தெரியவில்லை என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னால், அந்தப் படத்தைப் பாதுகாப்பு அதிகாரி வெளியே விடமாட்டார், விடவும் கூடாது.

மறைந்த செலவு: முன்கூட்டியே ஒரு சுற்று அழைத்துப் போய்க் காட்டும் அரை நாள், கூடவே நிற்க லேப் ஆள் ஒருவர், பிறகு கேப்ஷனுக்காக ஒவ்வொருவரையும் துரத்தும் ஒரு வாரம். அவர் அனுப்பும் இருநூறு படங்களில் யார் யார் என்று அவருக்கே தெரியாது.

இந்த வழி நல்லது எப்போது: புதுக் கட்டடத் திறப்பு, ஆண்டறிக்கை, பத்திரிகைக்குத் தரும் முகப்படங்கள், சுவரளவு பெரிதாக்கும் நாலைந்து படங்கள். அதாவது, குறைவாக, பெரியதாக, சீக்கிரமாக வேண்டும் என்றால்.

## வழி 2: அதே போட்டோகிராபர், பல மாதம்

முதல் வாரம் எல்லாரும் தலைவாரிக்கொண்டு வருவார்கள். மூன்றாவது வாரம் உங்களை மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் படம் தொடங்கும். ராத்திரி பதினொரு மணிக்கு டிஎன்ஏவைப் பிரிக்கும் ஜெல் சோதனை ஓடி முடியக் காத்திருப்பவர், கட்டுரைக்கு ரிவ்யூ வந்த அன்று மேசையில் தலை கவிழ்ந்திருப்பவர், ரிப்பேரான சென்ட்ரிப்யூஜை (மாதிரிகளைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) சுற்றி நான்கு பேர். ஆராய்ச்சியில் பெரும்பகுதி காத்திருப்பதும் மறுபடி செய்வதும்தான். ஒரு நாளில் வந்து போகிறவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

விஞ்ஞானிகளோடு தங்கி வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் பெரெனிஸ் அபட் நல்ல உதாரணம். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடியில் பள்ளி இயற்பியல் பாடத்தைப் புதிதாக எழுதிய குழுவோடு சேர்ந்தார். துள்ளிப் போகும் பந்து, நீரலை, காந்தப்புலம் என்று அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பாடநூலுக்குள் போயின. அவர் எடுத்தது மனிதரை அல்ல, நிகழ்வை. ஆனாலும் இயற்பியல் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து, எது தெரிய வேண்டும் என்று பேசிப் பேசி எடுத்த படங்கள் என்பது பார்த்தாலே தெரியும்.

மறைந்த செலவு பணம் மட்டுமில்லை. கூடவே இருப்பவர் எல்லாவற்றையும் பார்ப்பார், கைடு (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்) மாணவரைத் திட்டுவது உட்பட. எதை வெளியிடலாம், யார் சரி சொல்ல வேண்டும் என்று முதல் நாளே எழுதிக்கொள்ளாவிட்டால் கடைசியில் மனக்கசப்புதான். அப்புறம், இயக்குநர் மாறினால் திட்டம் பாதியில் நிற்கும். எனக்கு ஒரு முறை அப்படித்தான் நின்றது. அந்த ஹார்டு டிஸ்க் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இது நல்லது எப்போது: ஒரு பெரிய திட்டம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடும்போது. தொலைநோக்கி கட்டுவது, அகழாய்வுப் பருவம், ஒரு நெல் ரகத்தின் வயல் சோதனை. வேளாண் நிலையத்துக்காரருக்கு நான் இதைத்தான் சொன்னேன். விதைப்பு முதல் அறுவடை வரை மாதத்துக்கு இரண்டு நாள் வந்தாலே போதும். அங்கே பொதுமக்கள் என்றால் பக்கத்து வயல்காரர்கள். அவர்களே படத்திலும் இருப்பார்கள்.

## வழி 3: உள்ளே இருப்பவர்களே எடுப்பது

பலர் இதைச் 'செலவில்லாத வழி' என்று நினைத்துத் தேர்வு செய்கிறார்கள். நான் சொல்வது வேறு காரணத்துக்காக. எந்த நொடி முக்கியமானது என்று உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். செல்கள் முதன்முறையாக ஒளிர்ந்த அன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்த அறையில் இருக்கப்போவது அந்த மாணவி மட்டும்தான். அவர் கையில் போன் இருக்கிறது.

2019-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. விஞ்ஞானிகள் லேபில் எடுத்துக்கொண்ட செல்பிகளை ஒரு தொகுதியினருக்கும், ஆளில்லாத கருவிப் படங்களை இன்னொரு தொகுதியினருக்கும் காட்டினார்கள். செல்பி பார்த்தவர்கள் விஞ்ஞானிகளை அன்பானவர்களாக, நம்பத் தகுந்தவர்களாக மதிப்பிட்டார்கள். அதனால் திறமை குறைவானவர்கள் என்று நினைக்கவும் இல்லை. 'செல்பி எடுத்தால் மரியாதை போய்விடும்' என்று முகம் சுளிக்கும் பேராசிரியர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. ஆய்வு அமெரிக்காவில் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

தொழில்நுட்பம் பெரிய தடையில்லை. ஜன்னல் பக்கம் ஆளைத் திருப்பச் சொல்லிக்கொடுங்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுங்கும். படத்தில் கோடு கோடாக வந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். முகத்தை மட்டும் எடுக்காமல் கையை எடுக்கச் சொல்லுங்கள். திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டைப் பிடிக்கும் கட்டை விரலில் காய்த்துப்போன தோல் பல விஷயம் சொல்லும். ஒரு மதியம் போதும் இதற்கெல்லாம்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. "நல்லா போட்டோ எடுப்பான்" என்று பெயர் வாங்கிய மாணவன் அடுத்த இரண்டு வருஷம் துறையின் எல்லா விழாவுக்கும் இலவச போட்டோகிராபர். ஆய்வேடு தள்ளிப் போகும். அதோடு, கைடு எடுக்கச் சொன்னால் மாணவர் மாட்டேன் என்பாரா? கைடு படத்தை எடுத்துவிட்டு, "சார், இதில் நீங்க நல்லா இல்லை, போட வேண்டாம்" என்பாரா? ஒருவர் தலையில் கட்டாமல் சுழற்சியில் விடுங்கள். படத்தில் இருப்பவர் 'வேண்டாம்' என்று தனியாகச் சொல்ல ஒரு வழி வையுங்கள். சில பெண் ஆய்வாளர்கள் பெயரோடு படம் வெளியே போவதை விரும்பமாட்டார்கள். ஏன் என்று துருவ வேண்டாம்.

கேப்ஷனில் உள்ளாளுக்கு ஒரு நோய் உண்டு: ஆய்வுக் கட்டுரையின் தலைப்பையே எழுதிவிடுவார். நான் கொடுக்கும் விதி ஒன்றே ஒன்று. 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழ் படிக்கும் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி மூன்று வாக்கியம்: இவர் யார், இந்த நிமிஷம் கை என்ன செய்கிறது, அதற்கு அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று காத்திருக்கிறார். மூன்றாவது வாக்கியத்தில்தான் பார்வையாளர் நிற்பார்.

இது நல்லது எப்போது: சிறிய துறை, குறைந்த பணம், ஆண்டு முழுக்க எதையாவது பகிர வேண்டிய கட்டாயம், வெளியாள் போக முடியாத அறைகள்.

## வழி 4: மக்களையே கேமராவோடு உள்ளே விடுவது

2010-இல் செர்ன், பெர்மிலேப், டெசி, கேஇகே, டிரையம்ப் என்ற ஐந்து துகள் இயற்பியல் ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து, அமெச்சூர் போட்டோகிராபர்களை உள்ளே அழைத்தன. ஐந்து இடத்திலும் சேர்த்து இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். 'போட்டோவாக்' (படமெடுக்கும் நடை) என்ற அந்தப் பழக்கம் பிறகும் தொடர்ந்தது. வந்தவர்கள் படத்தோடு மட்டும் திரும்பவில்லை. வீட்டில் போய் அந்த இடத்தைப் பற்றிப் பேசினார்கள். கண்காட்சி வைப்பதற்கு முன்பே மக்கள் தொடர்பு முடிந்துவிடும் ஒரே வழி இது.

ஆனால் எனக்கு இதில் ஒரு குறை. வந்தவர்கள் இயந்திரத்தையே எடுப்பார்கள். பளபளக்கும் குழாய்கள், ஆயிரம் வயர்கள், சமச்சீரான வட்டங்கள். ஆள் குறுக்கே வந்தால் "கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க சார்" என்பார்கள், அந்தக் கருவியைக் கட்டியவரையே! நான் நடத்திய ஒரு நடையில் கடைசியில் தேர்வான பன்னிரண்டு படத்தில் ஒன்றில்தான் மனிதர் இருந்தார், அதுவும் முதுகு. அடுத்த முறை விதி வைத்தோம்: ஒவ்வொருவரும் ஓர் ஆராய்ச்சியாளரிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டுத்தான் கேமராவைத் தொடலாம். படங்கள் கொஞ்சம் சுமாராயின, கண்காட்சி நன்றாக இருந்தது.

மறைந்த செலவு: பாதுகாப்பு வகுப்பு, பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி, பலகைகளைத் துடைத்து லேபிள்களை மறைக்கும் வேலை, ஓடும் பரிசோதனைகளை ஒரு நாள் நிறுத்துவது. பங்கேற்பவரிடம் படத்தைப் பயன்படுத்தும் அனுமதியை வாசலிலேயே கையெழுத்தாக வாங்கிவிடுங்கள். பிறகு தேடிப் பிடிக்க முடியாது.

இது நல்லது எப்போது: கருவியே காட்சியாக இருக்கும் பெரிய நிறுவனம், அல்லது, சுற்றியுள்ள ஊருக்கு 'உள்ளே என்னதான் செய்கிறார்கள்' என்ற சந்தேகம் இருக்கும் இடம். சந்தேகப்படுகிறவருக்கு நீங்கள் எடுத்த அழகான படம் விளம்பரமாகத்தான் தெரியும். அவர் கையாலேயே எடுத்தது வேறு.

## வாங்கும் படமும் ஏஐ படமும்

சுருக்கமாக: வேண்டாம். விலைக்கு வாங்கும் படங்களில் சால்டரிங் அயர்னைச் சூடான முனையில் பிடித்திருக்கும் பெண் இருக்கிறார், வலப்பக்கம் திருக வேண்டிய டிஎன்ஏ இடப்பக்கமாகத் திருகியிருக்கிறது. ஏஐ இன்னும் துணிச்சலாகத் தப்பு செய்யும். 2024-இல் ஏஐ வரைந்த அபத்தமான எலிப் படத்தோடு ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியாகி, சிரிப்பாய்ச் சிரித்து, திரும்பப் பெறப்பட்டது. அதைவிட முக்கியம், உங்கள் கண்காட்சியின் நோக்கமே 'இவர் இங்கே, இந்த ஊரில், இதைச் செய்கிறார்' என்பது. இல்லாத ஆளைக் காட்டி அதை எப்படிச் சொல்வது?

## ஒரே பார்வையில்

| | ஒரு நாள் போட்டோகிராபர் | பல மாதம் | உள்ளே இருப்பவர் | மக்கள் நடை |
|---|---|---|---|---|
| உண்மையான வேலை | நடிப்பு கலக்கும் | மிக நன்று | மிக நன்று | வேலை நின்றிருக்கும் |
| மனிதர் தெரிவது | நன்று, விறைப்பாக | மிக நன்று | நன்று | சொல்லாவிட்டால் இல்லை |
| பெரிதாக்க ஏற்ற தரம் | மிக நன்று | மிக நன்று | பாதிக்குப் பாதி | எதிர்பாராத நல்லவை சில |
| கேப்ஷன் | நீங்கள்தான் எழுத வேண்டும் | சேர்ந்து எழுதலாம் | கையிலேயே இருக்கிறது, கடினமான மொழியில் | பலவிதம் |
| உரிமை | காசு கொடுத்தால் உங்களுடையது, எழுதிக்கொள்வது நல்லது | கட்டாயம் எழுத வேண்டும் | கட்டாயம் எழுத வேண்டும் | வாசலில் கையெழுத்து |
| முதலில் தீர்ந்துபோவது | அந்த நாள் | பணமும் பொறுமையும் | மாணவரின் நேரம் | ஏற்பாட்டாளரின் தெம்பு |

## உயிரியல் துறைத் தலைவருக்குச் சொன்னது

அவரிடம் எட்டு வாரம் இருந்தது, ஆறு பிஎச்டி மாணவர்கள், ஒரு போட்டோகிராபருக்கு ஒரு நாள் கொடுக்கும் அளவுக்குப் பணம். முதல் ஆறு வாரம் மூன்றாவது வழி: வாரத்துக்கு ஒரு மாணவர், ஒருவர் ஒரு வாரத்துக்கு மேல் இல்லை. ஏழாவது வாரம் போட்டோகிராபரைக் கூப்பிடுங்கள். ஆனால் அவருக்கு 'லேபைச் சுற்றிப் பாருங்கள்' என்று சொல்லாதீர்கள். மாணவர்கள் எடுத்ததில் நல்ல ஐந்து படத்தைக் காட்டி, அதே வேலை மறுபடி நடக்கும் நேரத்துக்கு அவரை வரவழையுங்கள். அது நடிப்பில்லை, லேபில் எதுவும் ஒரு தடவையோடு முடிவதில்லையே. கருவிகளைத் துடைத்துப் பராமரிக்கும் அண்ணனையும் லேப் அட்டெண்டர் அக்காவையும் அந்த ஐந்தில் சேருங்கள், பெயரோடு, அவர்களைக் கேட்டுவிட்டு.

மைக்ரோஸ்கோப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். படம் எடுத்தவர் அங்கேயே, அப்போதே மூன்று வாக்கியம் எழுத வேண்டும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டவர், நோட்டை எந்தத் தலைப்பில் பில் போடுவது என்று கேட்டார்.